பிடிப்பவரின் ஈரக் கை

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில், இதைக் கேட்ட மூவர் என் முகத்துக்கு நேரே சிரித்தார்கள். அவர்களில் ஒருவர் என்னிடமே படித்தவர். நான் கதை கட்டுகிறவன் அல்லன். முப்பத்தோராண்டு தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நாளும் மணியும் குறிக்காமல் 'ஒரு நாள்', 'ஒரு சமயம்' என்று எழுதிய மாணவனுக்கு நான் ஒருபோதும் முழு மதிப்பெண் போட்டதில்லை. எனக்கும் அந்தச் சலுகை வேண்டாம். சென்ற ஆண்டு மே மாதக் கடைசி வாரம். செவ்வாய், புதன், வியாழன். குறிப்பேடு இதோ மேசைமேல் இருக்கிறது.

என் மகள் நிவேதா சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். வீடியோ கேம்கள் விற்பனைக்கு வருமுன் அவற்றை ஆடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கும் வேலை. அப்போது ஒரு பேஸ்பால் விளையாட்டுக்குத் தமிழ் வர்ணனை சேர்த்திருந்தார்கள். வியாழன் மாலை ஆறு மணிக்குள் பிழைப்பட்டியல் போய்ச் சேர வேண்டும். பட்டியல் திருத்தமாக இருந்தால் அவளுக்கு வேலை நிரந்தரமாகும். ஆகவே, விளையாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுண்ணாம்புக்குளத்தில் இருக்கும் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். தொலைக்காட்சியில் அதை இணைத்தாள். வர்ணனையின் தமிழை நான் பார்க்க வேண்டும். மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள். அந்தத் தமிழைப் பற்றி இங்கே எழுதத் தொடங்கினால் பேயைவிட அதுவே அதிகமாகப் பயமுறுத்தும். விடுகிறேன்.

ஆனால், படம் வேறு. ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பந்தெறிபவர் காலால் தேய்த்த வெள்ளைக் கோடு, ஆட்டம் முடியும்வரை தேய்ந்தே இருந்தது. தொப்பி விளிம்பில் வேர்வைக் கறை சுற்றுக்குச் சுற்று பெரிதாயிற்று. பார்வையாளர் ஒருவர் கீழே போட்ட காகிதக் குவளை, அரைமணி கழித்து இரண்டு படி கீழே உருண்டு கிடந்தது. கூரையின் நிழல் மைதானத்தில் நகர்ந்தது. படம் வரைந்தவன் இவ்வளவு அக்கறையோடு உழைத்திருக்க, வர்ணனை எழுதியவன் மட்டும் தூங்கிவிட்டானே என்று என் கோபம் இரட்டிப்பாயிற்று.

சரிபார்க்க வேண்டிய நுணுக்கங்களை ஒரு தாளில் அச்சிட்டு நிவேதா என்னிடம் கொடுத்திருந்தாள். அதில் ஏழாவது, பிடிப்பவரின் விரல் குறிகள். மட்டையாளருக்குப் பின்னால், முகத்தில் கம்பிக் கவசம் அணிந்து குந்தியிருப்பவர்தான் பிடிப்பவர். எப்படி எறிய வேண்டும் என்பதை அவர் வாயால் சொன்னால் எதிராளி கேட்டுவிடுவான். அதனால், தொடைகளுக்கு நடுவே கையை வைத்து விரல்களால் காட்டுவார். தாளில் ஐந்து குறிகள் வரைந்திருந்தார்கள்.

செவ்வாய். பிற்பகல் 3.40. நிவேதா போனோடு மாடிக்குப் போயிருந்தாள். நான் தனியாக ஆடிக்கொண்டிருந்தேன்.

பிடிப்பவர் குந்தினார். வலக்கையை நீட்டினார். கை ஈரமாக இருந்தது. வேர்வை அன்று, நீரில் முக்கி எடுத்த கை. மணிக்கட்டை இருமுறை உதறினார். மண்ணில் இரண்டு ஈரப் புள்ளிகள் விழுந்தன. பிறகு விரல்களை மடக்கி முட்டி பிடித்தார். உள்ளங்கையைக் கவிழ்த்தார். கையை மெல்ல ஒரு பக்கம் தள்ளினார்.

தாளைப் பார்த்தேன். அந்த ஐந்தில் இது இல்லை. குறிப்பேட்டில் எழுதினேன்: 'பிழை 14. பிடிப்பவர் பட்டியலில் இல்லாத குறி காட்டுகிறார். நீக்க வேண்டும்.'

அன்று 4.30க்கு ருக்கு இறால் கொண்டுவந்தாள். கடலோடு சேரும் எங்கள் உப்பு ஏரியில் வலை இல்லாமல், குனிந்து, சேற்றைத் தடவிக் கையாலேயே இறால் பிடிப்பவர்கள் அவள் கூட்டத்தார். அவள் கணவன் சடையன் என் மாணவன். இரண்டாண்டுகளுக்கு முன் ஏரியில் இறங்கியவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதன்பிறகு அவளும், பத்தொன்பது வயது மகள் காவியாவும்தான் இறங்குகிறார்கள்.

நிறுத்தி வைத்திருந்த படத்தை வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள் ருக்கு.

"இன்னா சார், பந்து ஆடுறியா? பள்ளிக்கூடத்துல பந்து ஆடுனான்னு எங்க ஆளை வெயில்ல முட்டி போட வெச்சியாமே. இப்ப உன்னை யாரு முட்டி போட வெக்கிறது?"

நிவேதா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

செவ்வாய் அமாவாசை. இரண்டு நாளில் நீர் நன்றாக வற்றிவிடும் என்று ருக்கு சொன்னாள். மண்திட்டுக்குக் கிழக்கே இதுவரை யாரும் இறங்காத இடம் இருக்கிறதாம். இறால் அங்கே ஒதுங்கிக் கிடக்கிறதாம். வியாழன் மாலை ருக்குவையும் சேர்த்து ஆறு பெண்கள் போகிறார்கள். காவியாதான் முன்னால் போவாள். அவளுக்கு அப்படியே அவள் நைனாவின் கை என்று பெருமைப்பட்டுக்கொண்டு போனாள்.

புதன். பிற்பகல் 3.40.

மறுபடியும் அதே கை. இருமுறை உதறல். முட்டி. கவிழ்த்த உள்ளங்கை. தள்ளல்.

நிவேதாவைக் கூப்பிட்டேன். அவள் மடிக்கணினியிலிருந்து தலை நிமிர்வதற்குள் கை மறைந்துவிட்டது. மண்ணில் புள்ளிகள் மட்டும் இருந்தன.

"மண்ணுல ஈரம்கூடப் போட்டிருக்காங்க. சூப்பர் டீட்டெயில்பா," என்றாள்.

அவள் திரும்பியதும் கை வந்தது. அன்று ஒன்பது முறை எண்ணினேன். ஐந்தாவது முறையில் பார்வையாளர்களின் கூச்சல் தணிந்தது. ஏழாவது முறையில்... கம்பிக் கவசத்துக்குப் பின்னால் பிடிப்பவரின் வாயைப் பார்த்தேன். பற்களுக்கு நடுவே எதையோ கவ்வியிருந்தார். கயிறு போல. மூக்கால் மட்டும் மூச்சு விட்டார். அந்த ஒலி கேட்டது.

ம்... ம்... ம்...

'பிழை 22' என்று எழுதினேன். என் கையெழுத்து அந்த வரியில் கோணலாக இருக்கிறது.

வியாழன். பிற்பகல் 3.40. நிவேதா மாடியில் பிழைப்பட்டியலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

கை வந்தது. இம்முறை மறையவில்லை. பந்தெறிபவர் எறியாமல் நின்றார். மட்டையாளர் நகரவில்லை. பொத்தான்களை அழுத்தினேன். எதுவும் அசையவில்லை, அந்தக் கையைத் தவிர.

3.55. பார்வையாளர் வரிசைகள் காலியாக இருந்தன. யாரும் எழுந்து போனதை நான் பார்க்கவில்லை.

4.05. வர்ணனை நின்றது. ஏரியில் படகின் விலாவில் நீர் மோதும் ஒலி. சளப்... சளப்... சன்னல்களைச் சாத்தினேன். ஒலி குறையவில்லை. அது தொலைக்காட்சியிலிருந்து வந்தது.

4.20. ருக்கு வந்தாள். காலையில் பிடித்த இறாலைக் கொடுத்துவிட்டு அப்படியே ஏரிக்குப் போக வந்தவள். காவியா மற்றவர்களோடு முன்னாலேயே போய்விட்டாளாம். பேசிக்கொண்டே உள்ளே வந்தவள், திரையைப் பார்த்தாள். பாத்திரத்தைத் தரையில் வைத்தாள்.

"யாரு சார் காட்டுறது?"

விளையாட்டு என்றேன். இயந்திரம் என்றேன். பிழை என்றேன்.

"சார். அது எங்க கை."

அப்போதுதான் அவள் சொன்னாள். இறால் பிடிக்கும்போது இரண்டு கைகளும் சேற்றில் இருக்கும். பிடித்ததைப் போடும் பறியின் கயிற்றை வாயில் கவ்வியிருப்பார்கள். பேச முடியாது. ஆகவே, ஒரு கையை நீருக்கு மேலே தூக்கி விரல்களால் பேசுவார்கள்.

"முட்டின்னா, நில்லு. கவுத்த கைன்னா, குழி. தள்ளுனா, அந்தாண்ட போயிடு." அவள் குரல் இறங்கியது. "ஒதறுது பாரு. ரெண்டு வாட்டி. அவன்தான் ரெண்டு வாட்டி ஒதறுவான்."

திரையில் அந்தக் கை மறுபடியும் இருமுறை உதறியது.

ஏழாம் வகுப்பு. மூன்றாம் வரிசை. சடையன் பக்கத்துப் பையனோடு விரல்களால் பேசுவான். அளவுகோலால் விரல் முட்டியில் அடித்திருக்கிறேன். 'வாய் எதற்கு இருக்கிறது? வாயால் பேசு' என்று சொல்லிச் சொல்லி அடித்திருக்கிறேன். முப்பத்தோராண்டு அந்தக் கரையில் இருந்தேன். அந்த விரல்கள் என்ன சொல்லின என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

"காவியா..." என்றாள் ருக்கு. ஓடினாள்.

நானும் ஓடினேன். செருப்பு போடவில்லை. மணி 4.26.

மண்திட்டில் ஏறியபோது ஐந்து தலைகள் தெரிந்தன. நால்வர் பின்னால். காவியா முன்னால். இடுப்பளவு நீர். வாயில் பறிக் கயிறு. குனிந்தபடியே கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தாள்.

ருக்கு கத்தினாள். கடற்காற்று எங்கள் முகத்தில் அடித்தது. குரல் எங்கள் பின்னால் போயிற்று.

அவள் கையைத் தூக்கினாள். முட்டி. கவிழ்த்த கை. தள்ளல்.

காவியா பார்க்கவில்லை.

மறுபடியும்.

பார்க்கவில்லை.

நானும் கையைத் தூக்கினேன். அறுபத்தாறு வயதில், முதன்முறையாக, அந்தக் குறியைக் காட்டினேன். முட்டி. கவிழ்த்த கை. தள்ளல்.

காவியா இன்னோர் அடி வைத்தாள்.

முட்டி...

நிமிர்ந்தாள்.

நின்றாள்.

நீருக்கு மேலே கையைத் தூக்கி, உள்ளங்கையை அகல விரித்துக் காட்டினாள்.

ருக்கு மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

எங்களுக்குப் பின்னால் படகில் போய்க்கொண்டிருந்த மீனவர் தேவதாஸ், எங்கள் கூச்சலைக் கேட்டுத் திரும்பி வந்தார். காவியா நின்ற இடத்துக்கு ஒன்றரை அடி முன்னால், படகு தள்ளும் தாங்குகோலைச் செங்குத்தாக இறக்கினார். பதினைந்து அடிக் கோல். முழுவதும் போயிற்று. அடி தட்டவில்லை. யாரோ எப்போதோ மண் வாரிவிட்டு மூடாமல் போன குழி. யார் என்று கேட்டால் எவரும் வாய் திறப்பதில்லை. அது வேறு வயிற்றெரிச்சல்.

வீடு திரும்பியபோது 5.50. நிவேதா திரையின் முன் உட்கார்ந்திருந்தாள். ஆட்டம் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தது. கூச்சல், வர்ணனை, எல்லாம். பிழைப்பட்டியலை அவள் 5.58க்கு அனுப்பினாள். பதினான்கையும் இருபத்திரண்டையும் அடித்துவிடச் சொல்ல எனக்கு நினைவு வரவில்லை. மறுநாள் காலை பெட்டியைக் கட்டிச் சென்னைக்கு அனுப்பிவிட்டாள்.

சனிக்கிழமை ருக்கு வந்தாள். இறால் கொண்டுவரவில்லை. ஒன்று கேட்டாள்.

"சார், அந்தக் கைக்கு நீ பதில் காட்டுனியா?"

என்ன பதில் என்றேன்.

"கையை விரிச்சுக் காட்டணும். பார்த்துட்டேன்னு. அத்தக் காட்டுற வரைக்கும் அவன் நிறுத்தமாட்டான். நிறுத்தக் கூடாது, அதான் எங்க முறை. நான் ஓடிட்டேன். நீயும் ஓடிட்ட."



திங்கட்கிழமை காலை 11.15க்கு நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. நிவேதாவுக்கு வேலை நிரந்தரம். கீழே, பிழை 14, 22 பற்றி ஒரு குறிப்பு. நான் பலமுறை படித்ததால் மனப்பாடமாகிவிட்டது. 'இந்தப் பதிப்பில் விரல் குறிகள் இன்னும் வரையப்படவில்லை. தாளில் ஏழாவதாகத் தவறுதலாகச் சேர்ந்துவிட்டது. பிடிப்பவரின் வலக்கை ஆட்டம் முழுவதும் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும்.'

நிவேதா பதிவைப் போட்டுப் பார்த்தாள். ஆட்டங்கள் அனைத்தும் அவள் மடிக்கணினியிலும் தாமாகவே பதிவாகும். செவ்வாய் 3.40. புதன் 3.40. வியாழன் 3.40.

கை இல்லை. முதுகுக்குப் பின்னால் இருந்தது.

மண்ணில் புள்ளிகள் இருந்தன. இரண்டிரண்டாக.

மின்னஞ்சலில் இன்னொரு வரியும் இருந்தது. 'அந்த ஈரப் புள்ளிகளையும் நாங்கள் வரையவில்லை. வெள்ளி மாலை உங்கள் பெட்டி இங்கே வந்ததிலிருந்து, அலுவலகத்தின் பதினோரு பெட்டிகளிலும் அவை விழுகின்றன. நீங்கள் எதையாவது மாற்றினீர்களா?'

என்ன எழுதுவது என்று நிவேதா என்னைப் பார்த்தாள். ஒரு வரி சொன்னேன். 'பார்ப்பவர் யாராயினும், திரைக்கு நேராக உள்ளங்கையை விரித்துக் காட்டவும்.' அவள் என்னோடு வாதாடவில்லை. அப்படியே அனுப்பினாள்.

விளையாட்டாகச் செய்து பார்த்தார்களாம். பத்துப் பெட்டிகளில் அன்றே நின்றுவிட்டது.

பதினோராவதில் நிற்கவில்லை. அது என் வீட்டுக்கு வந்த பெட்டி. யார் யாரோ கை விரித்துப் பார்த்திருக்கிறார்கள். நிற்கவில்லை.

நான் சென்னைக்குப் புறப்பட்டுப் போனேன். நான் போவதற்கு இரண்டு நாள் முன்புதான், பழுது என்று சொல்லி அந்தப் பெட்டியைக் கழித்துவிட்டார்கள். பழைய பொருள் வாங்கும் கடைக்கு. அங்கிருந்து யாருக்கோ. பெயர் தெரியவில்லை. ஊர் தெரியவில்லை.

பழைய விளையாட்டுப் பெட்டி ஒன்றைச் சென்ற ஆண்டு ஜூன் மாதத்துக்குப் பின் வாங்கியவர் யாரேனும் இதைப் படித்தால்... அதில் பேஸ்பால் ஆட்டம் இருந்தால்... பிற்பகல் 3.40க்கு, பிடிப்பவருக்குக் கீழே மண்ணைப் பாருங்கள்.

நீங்கள் கை விரிக்க வேண்டாம். பயனில்லை.

முகவரியை மட்டும் தெரிவியுங்கள். அவன் காத்திருப்பது என் கைக்கு.