பூச்சி மெஷினில் முந்நூற்று இருபது

என் அண்ணனைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லச் சொன்னால் சொல்லிவிடலாம். நன்றாக ஜீப் ஓட்டுவான். போடிமெட்டு வளைவுகளில் அவன் வண்டியில் ஏறிய எஸ்டேட் ஆட்கள் வாந்தி எடுத்ததில்லை. அவ்வளவுதான். மிச்சமெல்லாம் எனக்குக் கோபம் வருகிற விஷயங்கள். அதில் பெரியது போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வீடியோ கேம் கடையில் நடந்தது. இத்தனை வருஷம் ஆயிற்றே, விட்டுத் தொலை என்று வீட்டில் எல்லோரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். நான் விடுவதாக இல்லை.

எண்பதுகளின் கடைசி. எனக்கு இருபது வயது. சிலமலையிலிருந்து தினமும் போடிக்கு வந்து ஓர் ஏலக்காய் குடோனில் காய் பொறுக்கினேன். ஐந்து மணிக்கு வேலை முடியும். அண்ணன் போடிமெட்டிலிருந்து ஆட்களை இறக்கிக்கொண்டு வர ஆறு, ஆறரை ஆகும். அதுவரை நான் எங்கே நிற்பது என்பது எங்கள் குடும்பத்தில் பெரிய பிரச்சினை. பஸ் ஸ்டாண்டில் நின்றால் நாலு பேர் பார்ப்பார்களாம். தனியாக பஸ் ஏறிப் போனால் எட்டுப் பேர் பேசுவார்களாம். அண்ணனே ஒரு வழி கண்டுபிடித்தான். அவனுக்குப் பழக்கமான கேம் கடையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னான். "சுவத்தைப் பாத்து உக்காந்திரு. யார்ட்டயும் பேசாத" என்றான். சுவர் ஓரமாகத்தான் அந்த மெஷின் இருந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்தவளால் வேறு எதைப் பார்க்க முடியும்?

பீரோ உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி. நடுவில் டிவி. மேலே வரிசை வரிசையாகப் பூச்சிகள், கீழே நம்முடைய வண்டி. இடது கையில் ஒரு குச்சி, வலது கையில் ஒரு பொத்தான். பூச்சிகள் இறங்கி நம்மை இடிப்பதற்குள் எல்லாவற்றையும் சுட வேண்டும். ஒரு காசுக்கு மூன்று உயிர். சுடச் சுட நாம் எடுத்த பாயிண்ட் திரையின் மேலே எண்ணாக ஏறும். எல்லோரும் அதைப் பூச்சி மெஷின் என்பார்கள். கரண்ட் போனால் மெஷினுக்கு எல்லாம் மறந்துவிடும், போடியில் கரண்ட் போகாத நாளும் கிடையாது. அதனால் கடைக்காரர் மெஷினுக்கு மேலே ஒரு சிலேட்டு மாட்டியிருந்தார். யார் அதிகம் எடுத்தார்களோ அவர்கள் பேரும் எண்ணும் அதில் சாக்பீஸில் இருக்கும். ஆட்டம் முடிந்ததும் கூப்பிட வேண்டும். அவர் மேஜையை விட்டு எழுந்து வந்து எண்ணைப் பார்த்து எழுதுவார். நான் போனபோது அங்கே இருந்த பேர் என் அண்ணனுடையது. எண்பத்து நாலாயிரத்து அறுநூற்றுப் பத்து. அதை அவன் மெட்டு செக்போஸ்ட் வரை சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஒரு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு என் கூலியில் ஒரு காசை எடுத்துப் போட்டேன். கடைக்காரர் சிரித்தார். "ஆத்தா, இது வத்தல் இடிக்கிற சோலி இல்ல" என்றார். "வத்தல் இடிச்சாத் தும்மலாவது வரும்ணே" என்றேன். அங்கே நின்ற இரண்டு மூன்று பேரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

எனக்குக் கண் இருந்தது. காய் பொறுக்குகிறவளுக்குத் தட்டில் ஆயிரம் காய் கிடந்தாலும் தலையை ஆட்டாமல் வெளுத்தது எது, வாய் பிளந்தது எது என்று தெரியும். இரண்டு கையும் தனித்தனியாக வேலை செய்யும். பூச்சிகள் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் எங்கள் வேலையின் இன்னொரு பழக்கமும் கூடவே வந்து தொலைத்தது. தட்டில் காய் தீர்ந்ததும் பொறுக்குகிறவள் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். காலித் தட்டில் கை இருந்தால் காயை மறைக்கிறாள் என்று மேஸ்திரி சந்தேகப்படுவார். மெஷினில் கடைசிப் பூச்சி செத்துத் திரை காலியானதும் என் கை தானாக மடிக்குப் போய்விடும். அடுத்த கூட்டம் இறங்கி என் வண்டியை உடைத்துவிடும். ஒரு நாளில்லை, இரண்டு நாளில்லை, ஆறேழு வாரம் இப்படியே செத்தேன். ஏன் சாகிறேன் என்று அங்கே யாருக்கும் புரியவில்லை. அவர்களில் ஒருவனும் காய் பொறுக்கியதில்லை. அண்ணன் மட்டும், "கடைசில கைய எடுத்துர்றா பாரு, பயந்தாங்கொள்ளி" என்று எல்லோருக்கும் விளக்கம் சொல்வான். எனக்கு அப்படியே அவன் வாயிலேயே ஒன்று போடலாம் என்று இருக்கும். இடது கையைக் குச்சியோடு சேர்த்துக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு பழகினேன். பழக்கம் போயிற்று. அதன் பிறகு ஐம்பதாயிரம், அறுபதாயிரம் என்று ஏற ஆரம்பித்தேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள் கடையில் ஆளே இல்லை. கடைக்காரர் வாசல் பக்கம் மேஜையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காசு போட்டு ஆடினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. மூன்றாவது உயிர் வந்தபோது ஒரு கணம் எண்ணைப் பார்த்தேன். தொண்ணூற்றாறாயிரத்துச் சொச்சம். அண்ணனைத் தாண்டி எங்கேயோ போய்விட்டேன். அப்போதுதான் அவன் உள்ளே வந்தான். "ஏய், மழ ஏறிக்கிட்டு வருது, வெரசா வா" என்று கத்தினான். நான் திரும்பவில்லை. முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான். இன்னொரு தடவை கத்த வாயெடுத்தவன் நிறுத்திவிட்டான். பின்னாலேயே நின்றான். நான் எண்ணைப் பார்க்கவில்லை, பார்த்தால் செத்துப்போவேன். ஆடிக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஒரு பூச்சி வந்து இடித்தது.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். திரையில் 00320 என்று இருந்தது.

கடைக்காரர் எழுந்து வந்தார். "ஒரு மணி நேரம் நின்னு முந்நூத்தி இருபதா?" என்றார். இல்லைண்ணே, தொண்ணூத்தாறாயிரத்தை நான் பார்த்தேன் என்றேன். என் குரல் எனக்கே கிறுக்கச்சி குரலாகக் கேட்டது. அவர் அண்ணனிடம் திரும்பினார். "தம்பி, நீ பின்னாடிதான நின்ன. நீ பாத்தியா? நீ பாத்தேன்னு சொல்லு, எழுதிப்புடுவோம்."

"நான் இப்பத்தானண்ணே வந்தேன். வர்றப்பவே முந்நூத்தி இருபதுதான் கெடந்துச்சு" என்றான் அண்ணன்.

அன்றைக்கு மெஷின் என்னை ஏமாற்றிவிட்டது என்றுதான் நினைத்தேன். அண்ணன் பொய் சொன்னான் என்பது தெரியும். பின்னால் வந்து நின்றானே. ஆனால் அவன் என்ன பார்த்தான் என்பது எனக்குப் புரியவில்லை.

இரண்டு நாள் கழித்து ஜீப்பில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தபோது மீட்டர் கண்ணில் பட்டது. வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று காட்டுவது அது. ஐந்து இலக்கம். அந்த மீட்டர் அந்த வருஷம்தான் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. எங்கள் பக்கத்து ஜீப்காரர்களுக்கு அது ஒரு திருநாள். தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் வந்ததும் பார்த்துப் பார்த்து ஓட்டுவார்கள். ஐந்தும் பூஜ்யமாக நின்ற இடத்தில் வண்டியை ஓரம் கட்டி, சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, வண்டியில் இருக்கிற அத்தனை பேருக்கும் பூந்தி கொடுப்பார்கள். அண்ணன் பதினோராவது வளைவில் உடைத்தான். வீட்டுக்கும் ஒரு பொட்டலம் பூந்தி கொண்டுவந்தான். லட்சம் ஓடினால் மீட்டர் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும் என்று எங்களுக்குச் சொன்னவனே அவன்தான்.

"அண்ணே, மெஷினும் இப்படித்தான் சுத்திருச்சு. நான் லட்சத்தைத் தாண்டிட்டேன்" என்றேன். சந்தோஷத்தில் எனக்கு மூச்சு வாங்கியது.

"மீட்டர் வேற, மெஷினு வேற. வாய மூடிட்டு வா" என்றான். ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கடைக்காரரிடமும் சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். "இருக்கலாம்த்தா. ஆனா ஒன் வாயால நீயே சொன்னா நான் எப்படி எழுத? ஒன் அண்ணன் பாத்தேன்னு சொல்லட்டும்." மறுபடியும் அண்ணன்தான். என் கை ஆடியது, என் கண் பார்த்தது, என் காசு உள்ளே போனது. ஆனால் அது நடந்ததா இல்லையா என்பதை அவன் வாய் சொல்ல வேண்டும். அடுத்த மூன்று வாரமும் நான் சோறு தின்றது கூட வன்மத்தோடுதான். அம்மா பரிமாறும்போது அவனுக்குப் பக்கத்தில் உட்கார மாட்டேன். சிலேட்டு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவன் சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்பின் ஸ்பிரிங் பட்டை உடைந்து கேம் கடைக்குப் பக்கத்து ஒர்க்ஷாப்பில் ஏற்றியிருந்தார்கள். குடோனில் அரைநாள் வேலை. அண்ணனுக்குப் போக இடமில்லை. "வா, இன்னைக்கு நீ ஸ்டூல்ல உக்காரு. ஆரம்பத்துலருந்து பாரு" என்றேன். "பொட்டச்சி வெளையாட்டப் பாக்கவா நான் பொறந்தேன்?" என்றான். ஆனாலும் உட்கார்ந்தான். கடைக்காரர் வாசலில் நாலு பேரோடு பேசிக்கொண்டிருந்தார்.

இருபதாயிரம் வரை அவன் ஏதோ பேசிக்கொண்டே இருந்தான். இந்தக் கல்யாணத்துக்கு யார் வந்தார்கள், அந்த எஸ்டேட்டில் சூப்பர்வைசர் யார் என்று. என் கவனத்தைக் கலைக்கத்தான். அறுபதாயிரத்தில் பேச்சு குறைந்தது. எண்பத்து நாலாயிரத்து அறுநூற்றுப் பத்தைத் தாண்டியபோது ஸ்டூல் நகர்கிற சத்தம் கேட்டது. எழுந்து நின்றுவிட்டான். எனக்கு இரண்டு உயிர் மிச்சம் இருந்தது. கை வலி தோள் வரை ஏறியிருந்தது. தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றெட்டு. இந்தத் தடவை எண்ணைப் பார்த்துக்கொண்டே ஆடினேன். பயமே இல்லை, கோபம்தான் இருந்தது.

தொண்ணூற்றொன்பதாயிரத்து எழுநூறு வந்தபோது அவன் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"நிறுத்திரு" என்றான். மெதுவாகத்தான் சொன்னான், கடைக்காரருக்குக் கேட்கக்கூடாது என்று. "இங்கனயே செத்துரு. இன்னும் கொஞ்சம் போச்சுன்னா அன்னைக்கு மாதிரியே சுத்திரும். இப்ப நிறுத்துனா ஒன் பேரத்தான் எழுதுவாங்க. என்னைத் தாண்டிட்டேல்ல, போதும்ல?"

அன்றைக்கு மாதிரியே என்றான். அவனையறியாமல் அவன் வாயாலேயே வந்துவிட்டது. அப்படியென்றால் அன்றைக்கு முழுக்கப் பார்த்திருக்கிறான். பூஜ்யம் வந்ததைப் பார்த்து, அது என்ன பூஜ்யம் என்றும் புரிந்து, அதன் பிறகுதான் கடைக்காரர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறான். இப்போது சிலேட்டை உனக்குக் கொடுத்துவிடுகிறேன், என் பொய்யை மட்டும் விட்டுவிடு என்கிறான்.

திரையில் நாலு பூச்சிகள் பாக்கி. நிறுத்த நேரம் இருந்தது. குச்சியை விட்டிருந்தால் போதும், இரண்டு வண்டியும் உடைந்திருக்கும், சாயங்காலத்துக்குள் போடி முழுக்க என் பேர் தெரிந்திருக்கும். எனக்கு ஆசை இல்லாமல் இல்லை.

சுட்டேன். நாலையும் சுட்டு, அடுத்த கூட்டத்தில் வரிசையாகச் சுட்டேன். அவன் "ஏய், ஏய்" என்று என் தோளைப் பிடித்தான். ஐந்து இலக்கமும் பூஜ்யமாயின. அதற்கு மேல் ஒரு நாலைந்து பூச்சி சுட்டுவிட்டுக் கையை எடுத்தேன். வண்டிகள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. கடைக்காரரை நானே கூப்பிட்டேன்.

"அண்ணே, ஆட்டம் முடிஞ்சது. எங்கண்ணன் மொதல்லருந்து இங்கதான் நிக்கிறான். எவ்வளவுன்னு அவனையே கேளுங்க."

கடைக்காரர் சாக்பீஸைக் கையில் எடுத்துக்கொண்டே வந்தார். வாசலில் நின்ற நாலு பேரும் எட்டிப் பார்த்தார்கள். அண்ணன் முகம் வேர்த்திருந்தது. என்னைப் பார்த்தான். திரையைப் பார்த்தான், 00120 என்று இருந்தது.

"நூத்தி இருபது" என்றான்.

அவர்கள் சிரித்து முடிக்கும் வரை நான் அங்கே நிற்கவில்லை. அவன் பின்னாலேயே ஓடி வந்து ரோட்டில் என் கையைப் பிடித்தான்.

"கிறுக்கி, நான்தான் நிறுத்தச் சொன்னேன்ல. ஒன் பேரு ஏறியிருக்கும்ல. எதுக்குச் சுட்ட?"

"ஒன் வாய் தெறக்கும்னு நெனச்சேன்" என்றேன்.

கையை விட்டுவிட்டான். சிலமலை பஸ் நின்றுகொண்டிருந்தது. தனியாக ஏறிப் போனேன்.