ஒரே ஒரு ரிங்

வேற்றுக்கிரகத்தில் அறிவுள்ளவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று தேடுவதுதான் என் உத்தியோகம். ரேடியோ தொலைநோக்கியில் பதிவான இரைச்சலைக் கணினியில் போட்டு, இயற்கையில் தானாக உண்டாகாத ஓர் ஒழுங்கு அதில் தென்படுகிறதா என்று பார்ப்பேன். இதுவரை ஒன்றும் கிடைக்கவில்லை. “சத்தம் வரவில்லை என்றால் ஆளே இல்லை என்று அர்த்தமில்லை” என்று மேடைகளில் தெம்பாகப் பேசுவேன். போன மழைக்காலத்தில் லீவுக்குச் சொந்த ஊரான கம்பத்துக்கு வந்திருந்தபோது அந்தத் தெம்பெல்லாம் ஓடிப்போயிற்று.

அம்மா இன்னமும் ஜீப்பில் மலையேறி, கேரளாப் பக்கம் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறாள். நான்தான் சம்பாதிக்கிறேனே, நிறுத்து என்றால் கேட்கிற ஆளா அவள்? தோட்டத்தில் இறங்கியதும் அப்பாவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். ஒரே ஒரு ரிங், உடனே கட். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயிற்று என்று பொருள். எங்கள் தெருவில் தோட்டத்துக்குப் போகிற பெண்கள் எல்லோருக்கும் இதே வழக்கம்தான்.

அன்றைக்கு அந்த ரிங் வரவில்லை. மழை விடாமல் கொட்டியது. அம்மா நம்பருக்கு அடித்தால் ஸ்விட்ச் ஆஃப்.

எதிர்வீட்டு அக்கா நனைந்துகொண்டே ஓடிவந்தாள். அவள் மகளும் அதே தோட்டத்துக்குத்தான் போகிறாள். “மலையேறுற மெட்டு ரோட்டுல ஜீப்பு ஒண்ணு கவுந்துருச்சாம்ல! டீக்கடையில பேசிக்கிறாக. ஒங்களுக்குப் போன் வந்துச்சா?”

“வாயக் கழுவுங்கக்கா!” என்று கத்திவிட்டேன். பயம் எனக்கு எப்போதும் கோபமாகத்தான் வரும். அவள் வீட்டுக்குத் திரும்பிப் போனாள்.

அப்பா என்னை முறைத்தார். “வானத்துல எவனோ பேசுறான்னு காதத் தீட்டிக்கிட்டு இருக்கவதான நீ? ஒங்காத்தா எங்கன இருக்கான்னு சொல்லு பாப்போம்.”

“மழைக்கு டவர் கெடைச்சிருக்காதுப்பா. சத்தம் வரலைன்னா...”

அந்த நேரம் பார்த்து அப்பாவின் போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுக்கப் போன என் கையை அப்பா இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கெட்ட சேதி சொல்கிறவன் ஒரு ரிங்கோடு விட மாட்டான், எடுக்கிற வரைக்கும் அடிப்பான். கடவுளே, நின்றுவிடு, நின்றுவிடு.

நின்றது. ஒரே ரிங்.

“சேந்துட்டா,” என்று சுவரில் சாய்ந்து அழுதார் அப்பா.

நான் அதே நம்பருக்கு அடித்தேன். அம்மாவேதான் எடுத்தாள். “மிஸ்டு கால் குடுத்தேன்ல, எதுக்குடி கூப்புடுற? என் போன் தண்ணியில விழுந்துருச்சு. இது டிரைவர் போனு.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “கவுந்தது எங்களுக்கு முன்னால போன ஜீப்புடி. எதிர்வீட்டுப் பிள்ள அதுலதான் ஏறுனா...”

எதிர்வீட்டில் போன் அடிக்கத் தொடங்கியது. மழையையும் மீறிக் கேட்டது. நானும் அப்பாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அது அடித்துக்கொண்டே இருந்தது.