தங்கவேல் சாரின் ஞாயிற்றுக்கிழமை

காலை நாலரை மணி. கோழிப்பண்ணைப் பக்கமிருந்து தீவன வாசனையோடு ஒரு காற்று. குளியலறையில் பக்கெட் நிறையும் சத்தம்... அதற்கு மேல் சுருதி சேராத ஒரு பாட்டு.

பாடியவர் தங்கவேல் சார். நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளி ஒன்றில் அவர் பிளஸ் டூ கணக்கு, நான் கெமிஸ்ட்ரி. ஆறு வருஷம் ஒரே அறை. முதல் நாலு வருஷம் அவர் பாடியதில்லை.

அந்த நாலு வருஷமும் எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். என்னைப் போலவே இருந்தார். ரிசல்ட் வாரத்தில் இருவருக்கும் சோறு இறங்காது. கணக்கில் எத்தனை சென்டம், கெமிஸ்ட்ரியில் எத்தனை என்று தாளாளர் போர்டில் எழுதிப் போடுவார். யாருக்குக் குறைகிறதோ அவர் அன்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். ஆரோக்கியமான நட்பு.

நாலாவது வருஷம், மாதத் தேர்வு ஒன்றில் மார்க் குறைந்த பையனைத் தங்கவேல் சார் வகுப்பின் முன்னால் நிறுத்தி, "ஊருக்குப் போய் உங்கொப்பன்கூடத் தறி ஓட்டுடா, அதுக்குத்தான் லாயக்கு" என்று சொல்லிவிட்டார். பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடப்பாடிக்குப் போய்விட்டான். அவருடைய அப்பாவும் அதே எடப்பாடியில் தறி ஓட்டியவர்தான். அந்த வார்த்தை அவரை விடவில்லை. ஞாயிறன்று பையனைக் கூட்டிவரப் போனார்.

வாசலிலேயே மன்னிப்புக் கேட்டிருக்கிறார். பையனின் அம்மா கையில் பைபிளோடு நின்றாராம்.

"நேத்தே மன்னிச்சாச்சுங்க சார். ஆராதனைக்குக் கெளம்பிட்டோம், நீங்களும் வாங்க. வந்து சாப்பிட்டுட்டுப் பையனக் கூட்டிட்டுப் போவீங்களாம்."

பையன் திரும்பி வந்துவிட்டான். இவர்தான் அதன் பிறகு ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் போய்க்கொண்டே இருந்தார். பிறகு பள்ளிக்குப் பக்கத்திலேயே தகரக் கூரை போட்ட ஒரு சபையைக் கண்டுபிடித்தார். சில மாதங்களில் ஞானஸ்நானம். பெயரை மாற்றவில்லையா என்று கேட்டேன்.

"தங்கவேலுன்னு தெரிஞ்சுதானுங்க சார் ஆண்டவரு கூப்பிட்டாரு. அப்புறம் எதுக்குங்க மாத்தறது?"

அந்த வருஷம் கெமிஸ்ட்ரி கணக்கை முந்தியது. வென்ற பூரிப்போடு அறைக்கு வந்தால் மனிதர் தூங்கிக்கொண்டிருக்கிறார். சுவரைப் பார்த்து அல்ல... மல்லாக்க. தோற்றவர் மல்லாக்கப் படுத்துக்கொண்டால் ஜெயித்தவன் எப்படிப் படுப்பது?

எழுப்பியே கேட்டுவிட்டேன். "ஏனுங்க சார், வருத்தமே இல்லீங்களா?"

"இருக்குதுங்க சார். முன்னெல்லாம் அந்த மார்க்குதான் நானுன்னு இருந்தனுங்க. இப்ப அது பசங்க மார்க்கு. பாடம் நடத்தறதே இப்பத்தான் எனக்குப் புடிச்சிருக்குது."

சொல்லிவிட்டு மறுபடியும் தூங்கிவிட்டார். நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

அடுத்தது துணை முதல்வர் பதவி. மூன்று வருஷமாக நான் கனவு கண்ட பதவி. தாளாளர் இருவரையும் கூப்பிட்டார். முதலில் கேட்டது அவரை. ஒரே நிபந்தனை, ஞாயிறு காலைத் தேர்வுகளை நேரில் நின்று நடத்த வேண்டும்.

"ஞாயித்துக்கெழம காலைல மட்டும் முடியாதுங்க ஐயா. சாருக்குக் குடுங்க, என்னைவிட நல்லாப் பண்ணுவாரு."

பதவி எனக்கு வந்தது. சுழல் நாற்காலியும் வந்தது. அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி உண்மையாகவே சந்தோஷப்பட்டார். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

துணை முதல்வரின் கையில் கால அட்டவணை இருக்கிறது. காலை ஐந்து மணிப் படிப்பு நேரம் முழுவதையும் தங்கவேல் சாருக்குப் போட்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் தூங்குமூஞ்சிப் பீரியட் எல்லாம் அவருக்கே. ஒரு வாரம் கழித்து என் அறைக்கு வந்தார். சண்டை போடுவார் என்று ஆவலோடு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அஞ்சு மணிக் கிளாஸ் அருமைங்க சார். பசங்க மூஞ்சி கழுவிட்டுப் புதுசா இருக்கறானுங்க. நன்றி சொல்லிட்டுப் போலாமுன்னு வந்தேன்."

அப்படி என்னதான் இருக்கிறது அங்கே என்று, ஒரு ஞாயிறு காலை தேர்வுத்தாள்களைக் கொடுத்து, மேற்பார்வைக்கு வேறொரு ஆசிரியரை நிறுத்திவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு அந்தச் சபைக்குப் போனேன். வேலிக்கு வெளியே புங்கமரத்தடியில் நின்றேன். உள்ளே இருந்து பார்த்துவிட்டார். வாங்க என்று கூப்பிடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து நிழலில் போட்டார்.

"வந்தவங்க வெயில்ல நிக்கக் கூடாதுங்க சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

உட்கார்ந்தேன். குளியலறையில் பாடுவதைவிட மோசமாக, தொண்டை திறந்து பாடினார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எத்தனை சென்டம் என்று யாரும் அவரைக் கேட்கவும் இல்லை. எழுந்து உள்ளே போகப் பத்தடிதான் இருந்தது... தாள்கள் திருத்தக் காத்திருந்தன. கிளம்பிவிட்டேன்.

இப்போது எனக்கு ஓய்வு. அயோத்தியாப்பட்டணத்தில் வீடு. அந்தச் சுழல் நாற்காலியில் எனக்குப் பிறகு மூன்று பேர் உட்கார்ந்தாகிவிட்டது. ஞாயிறு தேர்வு மட்டும் மாறவில்லையாம். அன்று பதவிக்காக நான் கொடுத்த ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் இப்போது முழுசாக என்னிடம் இருக்கின்றன. பேப்பரை இரண்டு முறை படிக்கிறேன்.

போன வாரம் தங்கவேல் சார் போனில் பேசினார். அவருக்கும் ஓய்வுதான். சபைப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். மார்க் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"மரத்தடியில இப்பவும் ஒரு சேர் போட்டு வெக்கறனுங்க சார்."

"எனக்குங்களா?" என்றேன், சாதாரணமாகக் கேட்பது போல.

"உங்களுக்குன்னுதானுங்க ஆரம்பிச்சது. இப்ப லாரிப் பட்டறைக்காரரு ஒருத்தரு வந்து ஒக்காந்தாருங்க. ரெண்டு வாரம் வெளியவே இருந்தாரு. போன வாரம் எந்திரிச்சு உள்ள வந்துட்டாருங்க."

நல்லதுங்க சார் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்தப் பட்டறைக்காரர் யாரென்று எனக்குத் தெரியாது. நல்ல மனிதராகத்தான் இருப்பார்.

ஆனால் அது என் நாற்காலி.