ஈட்டிக்காரியின் இரண்டாம் பாகமும் எங்கள் ஆடி மாதமும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. மறதியும் ஜாஸ்தியாகிவிட்டது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுதப்போவது ஒரு ஜப்பான் கார்ட்டூனைப் பற்றி. என் மகள் அதை அனிமே என்பாள். ஒரு பெண் தோளில் ஈட்டியோடு ஊர் ஊராக நடப்பாள். ஒரு எபிசோடுக்கு ஒரு ஊர், ஒரு அக்கிரமக்காரன், ஒரு சண்டை. அவனைக் குத்திப் போட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவாள். அடியில் மலாய் எழுத்து ஓடும். எனக்கு மலாய் மெதுவாகத்தான் வாசிக்க வரும், பாதி வாசிப்பதற்குள் ஓடிவிடும். முகத்தைப் பார்த்தே கதையைப் பிடித்துக்கொள்வேன்.

"மா, போன வாரக் கதை ஞாபகமே வேண்டாம். உனக்குன்னே எடுத்தது லா," என்பாள் மகள்.

முதல் பாகத்தை அவள் கல்யாணத்துக்கு முன்னால் பார்த்தோம். முப்பத்தாறு வயதில்தான் அவளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை வீடு கிள்ளான். வைகாசியில் கல்யாணம், ஆடி பிறந்ததும் வழக்கப்படி பிரிக்பீல்ட்ஸில் என் ஃபிளாட்டுக்கு அழைத்துவந்தேன். இங்கிருந்தே பங்சாருக்கு வேலைக்குப் போய்வந்தாள். செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் கோயிலுக்குப் போய்வந்து இரண்டாம் பாகத்தில் ஒரு எபிசோட் பார்ப்போம். முதல் வெள்ளி முதல் எபிசோட்.

இரண்டாம் பாகத்தில் குறை நிறைய. முதல் பாகத்தில் ஒவ்வொரு கெட்டவனுக்கும் ஒரு முகம் இருந்தது, ஏன் கெட்டான் என்று தெரிந்தது. இதில் எல்லாரும் ஒரே மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிவருகிறார்கள். ரத்தம் பைப்பைத் திறந்துவிட்ட மாதிரி ஊற்றுகிறது. அவ்வளவு ரத்தம் பார்த்தால் பயம் போய்விடுகிறது. ஒரு எபிசோட் முழுக்க நடந்துகொண்டே இருந்தாள், நான் எழுந்து போய்ச் சோறு வடித்துவிட்டு வந்தேன்.

ஆனால் ஒரு பெரிய நல்லது உண்டு. முதல் பாகத்தில் எவ்வளவு அடிபட்டாலும் அடுத்த வாரம் புதுசாக வந்து நிற்பாள். இதில் ஒரு சத்திரக்காரன் கறி வெட்டும் கத்தியால் அவள் இரண்டு விரலைத் துண்டாக்கிவிடுகிறான். அதற்கப்புறம் விரல் வரவே இல்லை. இடது கையால் சாப்பிடுகிறாள். ஈட்டி நழுவுகிறது. எடுத்தவர்களுக்கு வலி என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது.

விரல் வெட்டுப்பட்ட அந்த எபிசோட் அன்றைக்குத்தான் மகள் ரிமோட்டை அழுத்தி நிறுத்தினாள்.

"பார்த்தியாமா, இவளுக்கு ஆறல."

அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டைதான் போட்டிருந்தாள். சுருட்டிக் காட்டினாள். முழங்கைக்கு மேலே நாலு விரல் தடம், இத்தனை நாளாகியும் ஆறாமல் மஞ்சளாய்க் கறுத்திருந்தது. அதன் கீழே சிகரெட் சுட்ட வட்டம் ஒன்று. அதற்கு முந்தி கழுத்தில் நீலமாகப் பார்த்து நான் கேட்டபோது பாத்ரூமில் வழுக்கிவிட்டேன் என்றிருந்தாள்.

யார் செய்தது என்று நான் கேட்கவில்லை. தெரிந்துவிட்டது. "போடும்மா, மீதியப் பார்ப்போம்," என்றேன். அவள் போட்டாள்.

கடைசி நாலு எபிசோடையும் கடைசி வெள்ளியன்று ஒரே மூச்சில் பார்த்தோம். முடிவில் ஒரு கிராமத்தையே வெட்டிப் போட்டவன் ஈட்டிக்காரியின் காலைப் பிடித்து அழுகிறான். அவள் ஈட்டியை இறக்கிவிடுகிறாள். அவன் எழுந்து போய்விடுகிறான். இதுதான் இரண்டாம் பாகத்தின் பெரிய தப்பு என்பேன். செத்தவர்களைக் காட்டவே இல்லை, அழுகிறவனை மட்டும் கிட்டத்தில் காட்டினார்கள்.

"அவனும் மனுஷன்தானே மா," என்று மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாட்டு நல்லாருந்துச்சு," என்றேன்.

ஆடி முடிந்த ஞாயிறு மாப்பிள்ளை அழைத்துப்போக வந்தார். விருந்துக்கு நான்தான் போன் பண்ணிக் கூப்பிட்டேன், அதுதான் முறை என்று. மகளைக் கேட்கவில்லை. நண்டு வறுத்தேன். மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டார். "அத்தை, நண்டு அருமை," என்றார். கை கழுவி வந்து என் காலில் விழுந்தார். "ஏதோ கோவத்துல கை நீட்டிட்டேன் அத்தை," என்று தேம்பினார்.

மகள் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன், "எந்திரிங்க மாப்பிள்ளை. அவ துணி எடுத்து வைப்பா."

இருவரும் அறைக்குள் போனார்கள். "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டு வரேன்," என்று அவள் சொன்னது கேட்டது. அப்புறம் தேங்காய் தரையில் விழுந்த மாதிரி ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் முடியைப் பிடித்து அவள் தலையை அலமாரிக் கதவில் மோதிக்கொண்டிருந்தான். என் கண்ணெதிரே இரண்டு தடவை. மூன்றாவதுக்குள் நான் அடுப்படிக்குப் போய்ச் சம்பல் இடிக்கும் கல்லுக் குழவியோடு வந்துவிட்டேன். முதல் அடி தோளில். திரும்பினான். இரண்டாவது காதோடு சேர்த்து. ரத்தம் பைப் மாதிரியெல்லாம் வரவில்லை. கெட்டியாக, மெதுவாக, காலருக்குள் இறங்கியது.

என்னைத் தள்ளினான். கட்டில் விளிம்பில் முதுகு அடித்தது. "கெழவி, ஒன்ன உள்ள தள்றேன் பாரு," என்று காதைப் பொத்திக்கொண்டு போய்விட்டான்.

சொன்னபடியே ரிப்போர்ட் கொடுத்துவிட்டான். அவன் அவளை ஒருநாளும் தொட்டதில்லையாம், மாமியார்தான் காரணமில்லாமல் அடித்தாளாம். நாங்களும் கொடுத்தோம். மகள் வேலைக்குப் போகிறாள், அவனோடு போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

போலீஸில் ஒரு பெண், மகள் கைத் தடத்தை என்றைக்குப் பார்த்தீர்கள் என்று கேட்டார். எனக்குத் தேதி தெரியாது. எபிசோடை விரல்விட்டு எண்ணி, ஐந்தாவது, அப்படியானால் மூன்றாவது வெள்ளி என்றேன். அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். மகளோ செவ்வாய்க்கிழமை என்று சொல்லியிருக்கிறாள். இரண்டும் ஒத்துவராவிட்டால் கோர்ட்டில் அவன் பக்கம் அதையே பிடித்துக்கொள்ளும் என்கிறார் எங்கள் வக்கீல்.

அந்த எபிசோடைத் திரும்பப் போட்டுப் பார் என்று அவளிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எனக்குப் போடத் தெரியாது. அதனால் அந்த இரண்டாம் பாகத்தைப் பார்த்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். சத்திரக்காரன் விரலை வெட்டுவது நாலாவதிலா, ஐந்தாவதிலா? நாலாவது என்றால் அவள் சொன்ன செவ்வாய்தான் சரி. நான் போய் என் வாக்குமூலத்தைத் திருத்த வேண்டும்.