எஞ்சின் ஓடாத இருபத்தொரு பர்லாங்

எங்கள் சாலையில் இப்போது யாராவது புது கார் வாங்கி வந்தால், அன்று சாயந்திரமே அதை எண்பது கிலோமீட்டர் வேகத்தில் விரட்டுகிறார்கள். "ரன்னிங் இன் முடிந்ததா?" என்று கேட்டால் சிரிக்கிறார்கள். இந்தக் காலத்து எஞ்சினுக்கு அதெல்லாம் வேண்டாமாம். இருக்கலாம். நான் ஓட்டியது அந்தக் காலத்து எஞ்சின். அதை ஐந்நூறு மைல் பழக்கி எடுத்தவன் நான். சரியாகச் சொன்னால், ஐந்நூறு மைலும் மூன்று பர்லாங்கும். எட்டுப் பர்லாங் ஒரு மைல். அந்த மூன்று பர்லாங் எப்படி வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கார் என் மாமாவுடையது. அம்மாவின் உடன்பிறந்த அண்ணன், பாறசாலையில் டாக்டர். காஞ்சிரங்குளம் முதல் ஆரியங்கோடு வரை வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்ப்பார். நான் மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார், அப்போது வயது இருபத்தேழு. கார் ஓட்ட லைசென்ஸ் இருந்தது. ஆனால் இரண்டு வருடமாக மாமாவின் காரைக் கழுவுவதற்குக்கூட எனக்கு அனுமதி இல்லை.

காரணம் இது. மாமாவின் பழைய காருக்கு எண்ணெய் மாற்றும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தார். அடிநட்டைக் கழற்றி, பழைய எண்ணெயை வடித்து, கடைசியில் சொட்டிய சொட்டுகளை எண்ணினேன். நூற்றுப் பதினேழு. நட்டை முறுக்கிவிட்டு எழுந்தபோது, சாப்பிட வரச்சொல்லி மாமி கூப்பிட்டார். சாப்பிட்டேன். பிறகு வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். புது எண்ணெயை ஊற்றவில்லை. இஞ்சிவிளை தாண்டுவதற்குள் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. எஞ்சினைச் சரிசெய்து ஓட்டிப் பார்த்தும் பழைய கார் இரண்டு வருடத்துக்கு மேல் தாங்கவில்லை; இரும்புக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். சொட்டு எண்ணிய கதை வெளியே தெரியாமல் இருந்திருந்தால் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். நானே எல்லாரிடமும் சொல்லியிருந்தேன்.

ஆகவே புது கார் வந்த அன்று மாமா சாவியை என் கையில் வைத்தபோது, மாமியின் முகம் மாறிவிட்டது.

"இவனுக்க கையிலயா குடுக்கது? பழசக் கொன்னது போதாதா?"

"எனக்கு பைய ஓட்டத் தெரியாது" என்றார் மாமா. அது உண்மை. அவர் வண்டியில் ஏறினால் நாற்பது மைலுக்குக் குறையமாட்டார். "இவன் எண்ணி எண்ணி ஓட்டுவான். அஞ்ஞூறு மைல். எஞ்சின் நல்லபடி வந்தா சாவி இவனுக்கு. இல்லெங்கி நாகர்கோவில்லெ இருந்து டிரைவர வைப்பேன். எலே, கேட்டியா?"

கேட்டேன். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. அந்தச் சாவி வேண்டும், அவ்வளவுதான்.

புது எஞ்சினுக்குள் பிஸ்டனும் சிலிண்டரும் ஒன்றையொன்று இன்னும் அறியாதவை. உரசுமிடங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வழவழப்பாக வேண்டும். அதற்குமுன் விரட்டினால் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். காரோடு வந்த புத்தகத்தில் இதற்கான விதிகள் பதினொன்று இருந்தன. டாப் கியரில் முப்பது மைலுக்கு மேல் கூடாது. மூன்றாவதில் இருபது, இரண்டாவதில் பத்து. ஏற்றத்தில் திணற விடக்கூடாது. முதல் கியரில் நெடுநேரம் ஊரவும் கூடாது. ஐந்நூறு மைல் ஆனதும் எண்ணெய் முழுவதையும் மாற்ற வேண்டும். பதினொன்றையும் நோட்டில் எழுதி, தினமும் காலையில் ஒருமுறை படித்தேன்.

பின்னால் வருகிற வண்டிகள் பொறுமையிழக்காமலிருக்க ஒரு பலகை மாட்டுவது நல்லது என்றும் புத்தகம் சொன்னது. பாறசாலை ஜங்ஷனில் போர்டு எழுதுகிறவரிடம் போனேன். கடைப் பலகை எழுதுவது அவர் தொழில். ஆனால் அந்த மாதம் முழுக்க ஊர்வலத் தட்டிகள்தான் எழுதிக்கொண்டிருந்தார். தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை.

"தமிழா, மலையாளமா?" என்று கேட்டார்.

"ரெண்டும்."

"பலக சின்னதாக்கும். ஒண்ணு சொல்லும் சாரே."

"அப்ப தமிழ்."

"செவப்பு மைதான் மிச்சம் உண்டு."

நான் எழுதிக் கொடுத்த வாசகம்: மெதுவாகச் செல்கிறோம். முன்னேறிச் செல்லுங்கள். கொட்டை எழுத்தில், சிவப்பில், அழகாகத்தான் எழுதினார். மாமா அதைப் பார்த்துவிட்டு, "இத வாசிச்சிட்டு ஒருத்தனும் முந்திப் போகமாட்டான். பின்னாலயே நிண்ணு யோசிப்பான்" என்றார்.

இருபத்து நான்கு நாள் ஓட்டினேன். காலையில் பள்ளிக்கு முன், சாயந்திரம் பள்ளிக்குப் பின். வேகமுள் முப்பதைத் தொட்டது மூன்றே முறை. மூன்றும் இறக்கம். ஒவ்வொரு நாளும் எண்ணெய் அளவு காட்டும் கம்பியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். என் கையில் அந்த எஞ்சின் நன்றாகப் பழகி வந்தது. முதல் வாரம் கரகரத்த சத்தம் மூன்றாவது வாரம் காணாமல் போனது. அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை, இப்போதும் இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை மீட்டரில் மைல் கணக்கு நானூற்றுத் தொண்ணூற்று மூன்றில் நின்றது. வீட்டிலிருந்து அதியன்னூரில் இருந்த மெக்கானிக்கின் ஷெட் சரியாக ஏழு மைல். அவர் வாசலில் ஐந்நூறு விழ வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். மாமா நெய்யாற்றின்கரையில் ஒரு நோயாளியைப் பார்க்கப் பஸ்ஸில் போயிருந்தார். பார்த்துவிட்டு நேராக ஷெட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

உதயன்குளங்கரை தாண்டியதும் பக்கத்துச் சாலையிலிருந்து ஊர்வலம் வந்து ஏறியது. நெய்யாற்றின்கரை தாலுகா ஆபீசுக்குப் போகிற ஊர்வலம். பாதிப் பேர் எனக்கு முன்னால், பாதிப் பேர் பின்னால். சாலையின் இருபுறமும் வயல். ஒதுங்க இடமில்லை. முதல் கியருக்கு வந்தேன். கண்ணாடியில் தெரிந்த தலைகளை எண்ணினேன். எழுபத்திரண்டு வரை எண்ண முடிந்தது.

பின்னால் பேச்சுக் கேட்டது.

"எலே, இங்க பாரு. நம்ம வண்டியாக்கும்."

"மெதுவாகச் செல்கிறோமா? ஆருல மெதுவா போறது? காலத்தே அஞ்சு மணிக்கு இறங்கி நடக்கியோம்."

"அது நம்மளச் சொல்லல்ல வேய். கவர்மெண்டச் சொல்லுகு."

"பின்ன, முன்னேறிச் செல்லுங்கள்னு?"

"அது நம்மள."

"அப்ப சரி."

அதற்குள் கொடி பிடித்த ஒருவர் என் சன்னலோரம் நடந்து வந்தார். பனைவெல்லக் கடை வைத்திருந்தவர், முகம் தெரியும். நான் தலையை வெளியே நீட்டி, "ஐயா, இது போராட்ட வண்டி இல்ல. புது எஞ்சின். பழக்கணும். அதுக்காக்கும் அந்த போர்டு" என்றேன்.

"பழகட்டு. எங்கக்கூட வந்தா நல்லாப் பழகும்."

அவர்கள் கேட்டது எனக்கும் வேண்டியதுதான். அதற்கான மனுவில் கையெழுத்துப் போட்டவன் நான். ஆனால் அந்த நேரத்தில் என் கண் வெப்பமுள்ளில் இருந்தது. ஆள் நடக்கிற வேகத்தில், முதல் கியரில், புது எஞ்சின். இரண்டாவது பர்லாங் கல் வருவதற்குள் முள் பாதியைத் தாண்டி ஏறியது. இன்னும் ஒரு பர்லாங் போனால் தண்ணீர் கொதிக்கும். அதற்கப்புறம் இஞ்சிவிளையில் நடந்ததுதான் நடக்கும். இருபத்து நான்கு நாள் வேகத்துக்குப் பயந்து ஓட்டியவன், கடைசி நாளில் மெதுவாகப் போய் எஞ்சினைக் கெடுக்கப் போகிறேன் என்று புரிந்தது.

எஞ்சினை அணைத்தேன். கார் நின்றது. பின்னால் வந்தவர்கள் அதன்மேல் மோதிக்கொண்டு நின்றார்கள்.

"என்ன சாரே, நிறுத்தியாச்சு?"

"சூடாவுது. இனி ஓட்டக்கூடாது. நீங்க போங்க, நான் ஆறினப்பெறகு வாறேன்."

"டாக்டருக்க பிளஷர் காருலா இது" என்றார் வெல்லக்கடைக்காரர். "எனக்க அம்மைக்கு காச்சல் வந்தப்ப மழையில வந்து பாத்த மனுசனாக்கும். நடுவழியில இட்டுட்டுப் போவோமா? சாரே, நீரு வளையத்தப் பிடியும். நாங்க தள்ளுகோம்."

வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கார் நகர்ந்துவிட்டது. ஏழு பேர், பதினான்கு கைகள். கோஷத்துக்கு ஒத்தாற்போலத் தள்ளினார்கள். அலுத்தால் வேறு ஏழு பேர் வந்தார்கள். நான் கியரை நியூட்ரலில் விட்டுவிட்டு ஸ்டீயரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெப்பமுள் இறங்கியது. அப்பாடா என்று மூச்சு விட்டபோதுதான் மைல் கணக்கைப் பார்த்தேன். அது ஏறிக்கொண்டிருந்தது. சக்கரம் உருண்டால் அது ஏறும். எஞ்சின் ஓடுகிறதா, பதினான்கு கைகள் தள்ளுகின்றனவா என்று அதற்குத் தெரியாது. வேறு வழியில்லாமல் சாலையோரத்துப் பர்லாங் கற்களை எண்ணத் தொடங்கினேன்.

அமரவிளைப் பாலத்தில் போலீஸ் நின்றது. ஊர்வலத்தில் வாகனம் வரக்கூடாது என்று தடை உண்டு. இன்ஸ்பெக்டர் மலையாளத்தில் கேட்டார்.

"ஆராடோ வண்டி ஓடிக்குன்னது?"

"ஆரும் ஓட்டல்ல சார். தள்ளுகாக்கும்" என்றார் வெல்லக்கடைக்காரர்.

இன்ஸ்பெக்டர் பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பின்பக்கம் போய், தமிழ் தெரிந்த ஒரு போலீஸ்காரரைப் பலகையை வாசிக்கச் சொன்னார். வாசித்து அர்த்தமும் சொன்னார் அவர். முன்னேறி எங்கே செல்ல வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் என்னிடம் கேட்டார். பின்னால் வருகிற வண்டி முன்னால் செல்ல வேண்டும், வேறொன்றுமில்லை என்று மலையாளத்தில் சொல்லி, புத்தகத்தையும் எடுத்துக் காட்டினேன். அவர் பக்கத்தைப் புரட்டினார். முகம் கொஞ்சம் தளர்ந்தது.

"எத்ர மைல் ஆயி?"

"நானூற்றுத் தொண்ணூற்றேழு."

"ஹோ, கஷ்டம்" என்றார். ஊர்வலம் பிரியும்வரை எஞ்சினைத் தொடக்கூடாது என்று சொல்லி விட்டுவிட்டார்.

ஊர்வலம் தாலுகா ஆபீஸ் பக்கம் திரும்பியபோது, தள்ளியவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனார்கள். நான் நன்றி சொல்வதைக் கேட்கக்கூட நிற்கவில்லை. எஞ்சினைக் கிளப்பினேன். முதல் முயற்சியிலேயே பிடித்தது. அதியன்னூர் ஷெட் வாசலில் மைல் கணக்கு ஐந்நூறு காட்டியது.

மாமா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"சரியா அஞ்ஞூறு" என்றார் மெக்கானிக்கிடம். அந்தக் குரலில் பெருமை இருந்தது. மெக்கானிக் கோணிச்சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தார். ஸ்பேனர் நட்டில் பொருந்திய சத்தம் கேட்டது.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். மைல் கணக்கே எனக்குச் சாட்சி. சொன்னால், ஊர்வலத்தில் மாட்டியது, எஞ்சின் சூடானது எல்லாம் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்குப் பிறகு கிடைத்த சாவி கைவிட்டுப் போகலாம்.

"நிறுத்துங்க" என்றேன். "ஐந்நூறு ஆகல்ல."

மாமா மறுபடி எட்டிப் பார்த்தார். "ஆயிருக்கே."

"வண்டி ஓடினது ஐந்நூறு. எஞ்சின் ஓடினது நானூற்றுத் தொண்ணூற்றேழு மைல், மூணு பர்லாங்." நடந்ததையெல்லாம் சொன்னேன். முதல் கியரில் இரண்டு பர்லாங் ஊர்ந்ததையும், முள் எதுவரை ஏறியது என்பதையும் விடவில்லை. இருபத்தொரு பர்லாங் கல்லையும் எண்ணியதைச் சொன்னேன்.

வண்டிக்கடியிலிருந்து சிரிப்பு வந்தது. "ரெண்டு மைலுக்கு ஒண்ணும் வராது சாரே. கழத்தட்டா?"

மாமா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"சூடானப்ப என்ன செய்த?"

"உடனே அணைச்சேன்."

"வெள்ளம் கொதிச்சுதா?"

"இல்ல."

"பாக்கி எத்தற?"

"ரெண்டு மைல் அஞ்சு பர்லாங்."

"வெளிய வாரும் ஓய்" என்றார் மெக்கானிக்கிடம். "அவன் முடிச்சிட்டு வரட்டு. நானும் போறேன்."

அந்த இருபத்து நான்கு நாளில் அவர் என்னோடு எத்தனை முறை வந்தாலும் முன் இருக்கையில்தான் உட்காருவார். கண் வேகமுள்ளை விட்டு அகலாது. அன்றைக்குப் பின்கதவைத் திறந்தார். ஸ்டெதஸ்கோப்புப் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு சாய்ந்தார்.

காஞ்சிரங்குளம் சாலையில் இருபத்தெட்டு மைல் வேகத்தில் போனேன். அரை மைல் போவதற்குள் குறட்டை கேட்டது. ஒரு மைலும் இரண்டரைப் பர்லாங்கும் போய்த் திரும்பியிருந்தால் கணக்குச் சரியாக இருந்திருக்கும். அந்த இடத்தில் எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தது. பிரேக் போட்டுத் திருப்பினால் அவர் விழித்துக்கொள்வார். ஆகவே ஒன்றரை மைல் வரை போய், அகலமான இடம் பார்த்து மெல்லத் திரும்பினேன். ஷெட்டுக்கு வந்தபோது மூன்று பர்லாங் அதிகம். அதை மட்டும் அவரிடம் நான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை ஆரியங்கோட்டுக்கு ஒரு நோயாளியைப் பார்க்கக் கிளம்பும்போது, மாமா நேராகப் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். மாமி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாவியைத் திருகினேன்.