கருவட்டத்துக்குள் ஒருத்தி

கண் ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் சொட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வருகிறவர்களை நீள பெஞ்சில் உட்காரவைத்து, தலையை அண்ணாத்தி, கண்ணில் சொட்டு மருந்து விடுவது அவள் வேலை. கொஞ்ச நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்ப்பாள். கருவட்டம் அகன்றிருந்தால், "ப்யூபில் விரிஞ்சாச்சு!" என்று டாக்டர் அறைப் பக்கம் குரல் கொடுப்பாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள் வாயில் அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தை மட்டும் வெண்ணெயாக வழுக்கும்.

ஆறு மாசமாக அவளுடைய இடது கண்ணிலேயே புகை. யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒற்றைக்கண்ணி கையில் எவன் மருந்துப் பாட்டிலைக் கொடுப்பான்? புருஷன் போன பிறகு அவளை நிமிர்த்தி வைத்திருப்பதே இந்த வேலைதான்.

அன்று கடைசியாக உட்கார்ந்திருந்தவர் அகராதி எழுதுகிற ஒரு பெரியவர். பாட்டிலைக் கண்டதும் கண்ணை இறுக்கிக்கொண்டார்.

"கதவைச் சாத்திக்கிட்டா எப்படி சார்? திறங்க."

"எரியுமேம்மா."

"பச்சத் தண்ணி மாதிரி இருக்கும். பொண்டாட்டி திட்டையே தாங்குன ஆளு, இதுக்குப் போயி பயந்துக்கிட்டு!"

அவர் சிரித்த சமயம் பார்த்துச் சொட்டு விழுந்தது.

மருந்து இறங்க இறங்க, ஜன்னல் வெளிச்சம் அவருக்குப் பாலாகக் கரைந்தது. தூக்கத்தில் பேசுகிறவர் போலக் கேட்டார்: "ப்யூபில்னு கத்துறீங்களே, அப்படின்னா என்ன தெரியுமா?"

"விரிஞ்சா டாக்டர் பாப்பாரு. விரியலைன்னா இன்னொரு சொட்டு."

"லத்தீன்ல அது குட்டிப் பொம்மைம்மா. கிட்ட வந்து பாத்தா, பாக்குறவங்க உருவம் உள்ள சின்னதா தெரியும். அதான் அந்தப் பேரு. நாமளும் பாவைன்னுதானே சொல்றோம்? அதே வேர்ல இருந்துதான் பெத்தவங்க இல்லாத பிள்ளைக்கும் பேர் வந்துச்சு. அப்புறம் பள்ளிக்கூடத்துல படிக்கிற பிள்ளைக்கும் ப்யூபில்னே பேர் வந்துச்சு."

"பாவம், போக்கிடம் இல்லாமத்தான் கண்ணுக்குள்ள குடி வந்துருக்கு. ஆனா பதினெட்டு வருஷமா பாக்குறேன், ஒரு பொம்மையும் காணோமே?"

"டார்ச்சை அணைச்சிட்டுப் பாருங்க."

குனிந்தாள். அகன்ற கருவட்டம் கிணறாகத் தெரிந்தது. அதன் நடுவில் வெள்ளைக் கோட்டு மாட்டிய ஒருத்தி, கடுகளவு ஜன்னலுக்கு முன்னால், அவளைப் பார்த்துக் குனிந்துகொண்டிருந்தாள். 'உன் கண்ணுக்குள்ள நான் இருக்கேன்டி' என்று என்றைக்கோ தலையணையில் சொன்ன புருஷனை, குடித்திருக்கிறாயா என்று தள்ளிவிட்டது நினைவுக்கு வந்தது. அந்த மனுஷன் புளுகவில்லை.

பொம்மையும் கண்ணடிப்பாளா பார்க்கலாம் என்று வலது கண்ணை மூடினாள்.

பொம்மை இல்லை. கிணறு இல்லை. பெரியவர் முகமே புகைக்குள் போயிருந்தது. இவ்வளவு முற்றிவிட்டதா? நாளைக்கு இந்தக் கை, யார் கண்ணில் எந்த மருந்தை விடும்?

"என்னம்மா, இருக்காளா?"

"இல்ல சார். இடது கண்ணால பாத்தா, கிளம்பிட்டா."

"டாக்டர்கிட்ட சொன்னா திரும்பி வருவா," என்றார் அவர்.

"வேலைக்கு ஆபத்து வருமே சார்."

சொன்னவள் கையிலிருந்த மருந்துப் பாட்டிலைப் பார்த்தாள். அவள் நிமிர்ந்தாள்.

"ப்யூபில் விரிஞ்சாச்சு!" என்று கத்தினாள். மூச்சை இழுத்துக்கொண்டு, "இன்னும் ஒண்ணு விரியணும் டாக்டர். என்னோடது!"

பெரியவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, தலையை அண்ணாத்தி, தன் கையாலேயே சொட்டு விட்டுக்கொண்டாள். விளக்குகள் மெல்லப் பூவாக விரிய ஆரம்பித்தன.

"பச்சத் தண்ணி மாதிரி இருக்கா?" என்றார் பெரியவர்.

"எவ சொன்னா? பச்ச மொளகா சார்!"