தூசியண்ணனின் ஒரே படம்

புகைப்படங்களைப் பெரிதாக அச்சிட்டுக் கொடுக்கும் கடையில் அவர் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தார். அச்சாகி வரும் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, தூசி விழுந்த வெள்ளைப் புள்ளிகளை மெல்லிய தூரிகையால் மை தொட்டு மறைக்க வேண்டும். அதனால் தூசியண்ணன் என்றே பெயராகிவிட்டது. புள்ளி பார்க்காத படம் கடையை விட்டுப் போகக் கூடாது என்று விதி வைத்தவரும் அவர்தான்.

விடுமுறை நாட்களில் இரவு வானத்தைப் படம் எடுப்பார். நான் அவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸாகப் போனபோது பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்திருந்தது. கண்ணிலும் புத்தியிலும் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் வருகிறவர்கள் அவர் எதிரிலேயே, "சாப்பிட்டாரா?" என்று என்னைத்தான் கேட்பார்கள்.

கடை முதலாளி வானப் படங்களை வைத்து ஒரு கண்காட்சி நடத்தினார். அதில் இவருடையதும் ஒன்று. ஊரார் படங்களைத் துடைத்தே காலம் தள்ளியவருக்கு, தன் பெயரோடு மாட்டப்படும் முதல் படம். திறப்பு நாளன்று மதியமே சக்கர நாற்காலியில் அழைத்துப் போனேன்.

படத்தை மூலைக்கு மூலை பார்த்தார். பிறகு, "சிஸ்டர், பாதி நட்சத்திரத்தைக் காணோம்" என்றார்.

பெரிய நட்சத்திரங்கள் மட்டும் கறுப்புச் சட்டையில் தைத்த பொத்தான்களைப் போல நின்றன. ஊடே பொடியாக இறைந்து கிடந்தவை ஒன்றுகூட இல்லை.

முதலாளி ஓடி வந்தார். "உங்க படமாச்சே அண்ணே! ஒரு தூசி இருக்கக் கூடாதுன்னு கம்ப்யூட்டர்ல ரெண்டு தடவை க்ளீன் பண்ணச் சொன்னேன்."

"அது தூசி இல்லப்பா."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீங்க எடுத்துச் சொல்லுங்க சிஸ்டர். வர்றவங்க எண்ணியா பாக்கப் போறாங்க?"

நாற்காலியை முதலாளி பக்கமாகத் திருப்பினேன். "அவருக்குக் காது நல்லாவே கேக்கும். அவர்கிட்டயே சொல்லுங்க."

"இன்னொரு அச்சு போட இன்னைக்கு நேரமில்லண்ணே. அஞ்சு மணிக்கு ஆளுங்க வந்துடுவாங்க." வெள்ளை மையும் தூரிகையும் எடுத்து நீட்டினார். "நீங்களே புள்ளி வச்சுடுங்களேன்."

அவர் வாங்கவில்லை. "ஏன்பா, கல்யாண போட்டோல உன் மாமியார் மூஞ்சி அழிஞ்சுபோய், நானா ஒரு மூஞ்சி வரைஞ்சு குடுத்தா ஒத்துப்பியா?"

"மாமியார்னா அழிஞ்சது அழிஞ்சதாவே இருக்கட்டுண்ணே" என்றார் ஏணி மேல் ஆணி அடித்துக்கொண்டிருந்தவர். யாரும் சிரிக்கவில்லை.

"கழட்டிடுங்க சிஸ்டர்" என்றார் தூசியண்ணன்.

ஆளையே தூக்கிப் புரட்டிப் படுக்க வைக்கும் கைக்கு ஒரு படம் என்ன பெரிது? கழற்றிச் சுவரோரமாகத் திருப்பி வைத்தேன்.

"அண்ணே, நடுச்சுவரு மொட்டையா நிக்குமே!"

"நிக்கட்டும். சரியான அச்சு வந்ததும் மாட்டு."

நாளைக்கே போடுகிறேன் என்றார் முதலாளி. நான்கு நாள் ஆயிற்று. கண்காட்சி நடந்ததே ஆறு நாள்தான். பொடி நட்சத்திரங்களோடு அந்தப் படம் சுவரில் இருந்தது இரண்டே நாள். மீதி நான்கு நாளுக்கு என்ன பதில் என்று, அந்த முதலாளியைப் பார்க்கும் இடத்திலெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.